நாளைக்கு எடுக்கிற பாடம்

சிவமலர்: அப்பிடிச் சொன்னா எப்பிடி? நீங்கள் இப்ப என்ர புருசன் இல்லை. பொஸ்டனிலை தேயிலை விக்கிற முதலாளி.

குலசேகரம்: முதலாளிக்கு இன்னும் சாப்பாடு வரேல்லை. பசியிலை என்னண்டு இங்கிலாந்து மன்னரை ஆதரிக்கிறது?

சிவமலர்: சோறு அடுப்பிலை இருக்கு. அவியிறதுக்கிடையிலை சொல்லுங்கோ. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு. அமெரிக்காவிலை இருக்கிற சனம் மன்னரை விட்டுப் பிரியப் போறம் எண்டு நிக்குது. நீங்கள் பிரியக்கூடாது எண்ட பக்கம். ஏன்?

குலசேகரம்: ஏனெண்டால்... மனிசி அப்பிடிச் சொல்லச் சொன்னவ.

சிவமலர்: இஞ்சாருங்கோ, பகிடியை விடுங்கோ. நாளைக்குப் பிரின்சிபல் என்ர வகுப்புக்கு வந்து பின்வரிசையிலை இருந்து பார்க்கப் போறா. பாடம் பிடிச்சுதெண்டால் வேலை நிரந்தரம். பிடிக்காட்டி யூலையோடை சரி.

குலசேகரம்: தெரியும். யூலையோடை சரியெண்டால் கனடா, ரொறன்ரோ.

சிவமலர்: ஓம். உங்களை லண்டனுக்கு அனுப்பிவிட்ட அண்ணை, அங்கை கடையும் எடுத்து, மேல்வீட்டையும் எங்களுக்கெண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறார்...

குலசேகரம்: அதை இப்ப விடும். உந்தப் பாடத்துக்கு ஏன் நாடகம்? யாழ்ப்பாணத்திலை செய்த மாதிரி நோட்ஸ் சொல்லிவிடுமன். பிள்ளையள் எழுதட்டும்.

சிவமலர்: முதல் கிழமை அப்பிடிச் செய்துதானே வெட்கப்பட்டனான். ‘தலைப்பு, கீழே கோடு’ எண்டு நான் சொல்லிக்கொண்டு போறன், ஒரு பிள்ளையும் பேனையைத் தூக்கேல்லை. ஏ லெவல் பிள்ளையள், என்னைப் புதினம் பார்க்குதுகள். கடைசியிலை பெர்னடெற் எண்ட பெட்டை கையை உயர்த்தி, ‘மிஸ், இதெல்லாம் புத்தகத்திலை இருக்கு. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?’ எண்டு கேட்டாள்.

குலசேகரம்: என்ன சொன்னனீர்?

சிவமலர்: ‘நல்ல கேள்வி. அதையும் எழுதுங்கோ’ எண்டன்.

குலசேகரம்: ஐயோ கடவுளே...

சிவமலர்: சிரியுங்கோ, சிரியுங்கோ. அதுக்குப் பிறகுதான் இந்த வழியைப் பிடிச்சன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆளைக் குடுத்து, அந்த ஆளாய்க் கதைக்க விடுறது. வாயே திறக்காததுகளும் திறக்குதுகள். சொந்தப் பேரிலை சொல்லமாட்டாததை இன்னொருத்தன்ர பேரிலை சொல்லிப்போடுதுகள்.

குலசேகரம்: சரி, சரி. முதலாளி கதைக்கிறார். மன்னர் எங்களைப் பிரெஞ்சுக்காரரிட்டை இருந்து காப்பாத்தினவர். கப்பல் அனுப்பினவர். பட்டாளம் அனுப்பினவர். அதை மறக்க ஏலாது... பொறும், பிளேன் போகட்டும்.

சிவமலர்: ...

குலசேகரம்: போயிட்டுது. கொன்கோர்ட். எயார்போர்ட்டுக்குப் பக்கத்திலை இருக்கிற இந்த ஹவுன்ஸ்லோவிலை ஒரு வீட்டிலையும் ஒரு வசனம் முழுசாய்ச் சொல்லி முடிச்சிருக்க மாட்டினம். அது இப்ப நியூயோர்க்குக்குத்தான் போகுது, உம்மட ஆக்களுக்கு ஏதும் சொல்லி விடவோ?

சிவமலர்: கதையை மாத்தாதேங்கோ. மன்னரை ஆதரிச்ச ஆக்களுக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமோ? வீடு, வளவு எல்லாம் போய், வெளிக்கிட்டவையிலை அரைவாசிப் பேர் கனடாவுக்குக் கப்பலேறினவை.

குலசேகரம்: பார்த்தீரோ, அந்தக் காலத்திலையும் கனடாதான்!

சிவமலர்: கொஞ்சப் பேர் லண்டனுக்கும் வந்தவை. வாடகை அறையிலை இருந்துகொண்டு, ஊருக்கு எப்ப திரும்பலாம் எண்டு ஒவ்வொரு கப்பலாய்ப் பார்த்துக்கொண்டு இருந்தவை.

குலசேகரம்: ம்... இதைப் பிள்ளையளுக்குச் சொன்னா விளங்குமோ?

சிவமலர்: ஏன் விளங்காது? பின்வரிசைப் பெடியன் ஒருத்தன், தன்ர அப்பம்மாவும் உகண்டாவிலை இருந்து அப்பிடித்தான் வந்தவ எண்டு சொன்னவன். பிரின்சிபலே பேனையை வைச்சிட்டுப் பார்த்தவ.

குலசேகரம்: எப்ப? பிரின்சிபல் நாளைக்கெல்லோ வாறா?

சிவமலர்: ...வேறை ஒரு நாள். சும்மா எட்டிப் பார்த்தவ. வெங்காயத்தை உரியுங்கோ.

குலசேகரம்: மலர், நீர் இண்டைக்கு ஒரு மாதிரி இருக்கிறீர். நாளைக்குக் கட்டுற சாறி இன்னும் அயன் பண்ணேல்லை. போன முறை இன்டர்வியூவுக்கு மூண்டு தரம் அயன் பண்ணினனீர். இண்டைக்குப் பாயசமெல்லாம் வைக்கிறீர்.

சிவமலர்: பால் மிஞ்சிப்போச்சு. இப்ப பக்கத்தை மாத்துவம். நீங்கள் முதலாளி இல்லை. பிரியவேணும் எண்டு கை தூக்கப் போற ஆள். ஆனா மன்னரிலை கோபம் இல்லை. அவர் செய்த நன்மையெல்லாம் ஞாபகம் இருக்கு. அவருக்கு முன்னாலை நிண்டு சொல்லவேணும்.

குலசேகரம்: உப்பிடி ஒரு ஆள் இருந்தவரே?

சிவமலர்: ஒருத்தரில்லை, கனபேர். முந்தின வருஷம் வரைக்கும் ‘நாங்கள் உங்கட பிள்ளையள்’ எண்டு மனு அனுப்பிக்கொண்டு இருந்த ஆக்கள்தான். அடுத்த வருஷம் கை தூக்கினவை.

குலசேகரம்: கஷ்டம்தான்.

சிவமலர்: என்ன கஷ்டம்?

குலசேகரம்: அடிச்சவனுக்கு எதிராய்க் கதைக்கலாம். தூக்கிவிட்டவருக்கு முன்னாலை நிண்டு மாட்டன் எண்டு சொல்லுறது... எங்கட வீட்டிலை ஒருத்தரும் செய்ததில்லை. அண்ணை ஒண்டு சொன்னால், ஓம் எண்டிட்டுத்தான் என்ன சொன்னவர் எண்டே கேக்கிறது.

சிவமலர்: அண்ணையை ஆர் கேட்டது? மன்னருக்குச் சொல்லுங்கோ. நான்தான் மன்னர். ‘குலசேகரம்! உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது ஆர்?’

குலசேகரம்: நீங்கள்தான்.

சிவமலர்: ‘பிறகென்ன? நான் கூப்பிட்டா வாறதுக்கு என்ன?’

குலசேகரம்: ...நீங்கள் செய்ததை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன். நீங்கள் இல்லாட்டி நான் இங்கை இல்லை. ஆனா நான் இங்கை வந்து ஒரு வீடு தொடங்கிப்போட்டன். அந்த வீட்டிலை இன்னொரு ஆள் இருக்குது. ராவிலை நான் எயார்போர்ட் ஷிப்டுக்குப் போக, அது மேசையிலை இருந்து படிச்சு, திரும்பவும் சோதினை எழுதி, இந்த ஊர்ப் பிள்ளையளுக்கு முன்னாலை போய் நிக்குது. அங்கை வந்தால் அது திரும்பவும் முதலாம் வகுப்பிலை இருந்து தொடங்க வேணும். அதை நான் கேக்க மாட்டன். கோபிக்காதேங்கோ. கோபிச்சாலும்... நான் வரேல்லை.

சிவமலர்: இது இப்ப யோசிச்சுச் சொன்னது இல்லை.

குலசேகரம்: ஏன்?

சிவமலர்: நீங்கள் யோசிச்சுச் சொன்னால் ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூக்கைச் சொறிவீங்கள். இது சொல்லிப் பழகின மாதிரி வருது.

குலசேகரம்: சோறு பொங்குது, பாரும்.

சிவமலர்: பொங்கட்டும். உங்கட அண்ணை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுக்கிறவர். இந்த ஞாயிறு எடுக்கேல்லை. நீங்களும் ஏனெண்டு கேக்கேல்லை.

குலசேகரம்: லைன் பிஸியாயிருந்திருக்கும்...

சிவமலர்: இஞ்சாருங்கோ.

குலசேகரம்: ...போன வெள்ளிக்கிழமை. ஷிப்ட் முடிஞ்சு, எயார்போர்ட் டெலிபோன் பொக்ஸிலை இருந்து எடுத்தனான். இதைத்தான் சொன்னனான். இவ்வளவு வடிவாய் வரேல்லை. நடுவிலை காசு முடிஞ்சு லைன் கட்டாகி, திரும்ப எடுத்து, விட்ட இடத்திலை இருந்து சொன்னனான்.

சிவமலர்: அண்ணை என்ன சொன்னவர்?

குலசேகரம்: ‘மலருக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கோ?’ எண்டார். ஓம் எண்டன். வைச்சிட்டார். கொஞ்ச நாளையிலை எடுப்பார்.

சிவமலர்: எனக்கு வேலை நிரந்தரமோ எண்டு தெரிய முந்தியே சொன்னனீங்களோ? கிடைக்காட்டி?

குலசேகரம்: வேறை பள்ளிக்கூடம் பார்ப்பம். லண்டனிலை பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமே?

சிவமலர்: ஏன் எனக்குச் சொல்லேல்லை?

குலசேகரம்: சொன்னால், ‘இவர் எனக்காக அண்ணையோடை பகைச்சிட்டார், நான் எப்பிடியும் வெல்ல வேணும்’ எண்டு நெஞ்சு படபடக்கப் போய் நிப்பீர். நோட்ஸ்தான் சொல்லுவீர். நாளைக்குப் பாடம் முடிஞ்சாப் பிறகு சொல்லலாம் எண்டு இருந்தனான்... அட, ஏன் அழுறீர்? போதும், வாரும். நாளைக்கு வெள்ளென எழும்ப வேணும். சாறியைத் தாரும், நான் அயன் பண்ணித் தாறன்.

சிவமலர்: சாறி வேண்டாம். பாடம் இண்டைக்குக் காலமையே முடிஞ்சுது, வேலையும் எனக்குத்தான் எண்டு பிரின்சிபல் சொல்லிப்போட்டா. யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன் எண்டிட்டு வந்தனான்... நீங்கள் அண்ணையிட்டைப் போக ஆசைப்பட்டிருந்தால், வேலை கிடைக்கேல்லை எண்டு பொய் சொல்லிப்போட்டு, உங்களோடை பிளேன் ஏறியிருப்பன்.