பதினேழாம் வீட்டின் நான்காவது ஆள்

அலோ… அலோ, இல்ஹோம்? நிறுத்து. நிறுத்துடா, வாயை மூடு. … ஆமா, நான்தான், உன் அம்மாதான். போன் என் கையிலதான் இருக்கு. … நிகோராகிட்ட குடுக்க மாட்டேன். … உன் பொண்டாட்டிதான், தெரியும், பொண்ணு பார்த்ததே நான்தான். குடுக்க மாட்டேன்னா குடுக்க மாட்டேன். காலையில அவ காதுல ஒரு தலாக் சொல்லிட்டே. அதோட சிக்னல் போச்சு, மலைக்குப் புண்ணியம். மிச்சம் ரெண்டையும் சொல்லி முடிக்கத்தானே இப்ப கூப்பிடறே? … ஆமா, ஆமா. என் காதுல சொல்லு பார்ப்போம். செல்லாது. நான் உன்னைக் கட்டிக்கலை, பெத்தேன்.

… கத்து. நல்லாக் கத்து. கட்டற கட்டடத்துல ஒன்பதாவது மாடியில நின்னு கத்தறே, காலடியைப் பார்த்துக்கோ.

உனக்கு யாரு சொன்னா? … அங்கே உன்கூட இருக்கற சாயிரா மகனா? அவனுக்கு யாரு சொன்னா? … அவன் அம்மா. நினைச்சேன். பள்ளிக்கூடத்துல நடந்த ஊர்க் கூட்டத்துல முன்வரிசையில உட்கார்ந்திருந்தா, வாயில போட்ட வாதுமைக்கொட்டையை மெல்லக்கூட மறந்துட்டா. சரி, என்னன்னு சொன்னா? … 'உன் வீட்டுல ஒரு ஆம்பளை இருக்கான்.' … ஆமா. … ஆமாடா, அப்படித்தான் படிச்சாங்க. இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா யாரு படிச்சா, எதை வச்சுப் படிச்சான்னு கேட்டியா? அந்தப் பெட்டியை வச்சுத்தான்.

… எந்தப் பெட்டியா? போன பனிக்காலமே போன்ல சொன்னேனே, நீ 'உம் உம்'னு கேட்டுட்டு சூப் குடிச்சிட்டிருந்தே. பல்கலைக்கழகத்துலேர்ந்து மூணு பேர் வந்தாங்க. ஒரு டீச்சரம்மா, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க. ஒரு தம்பி, எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். இன்னொரு அம்மா சமூக சேவை படிச்சவங்க, நாம வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே 'புரியுது, புரியுது'ம்பாங்க. மூணு பேரும் சேர்ந்து, ஆம்பளைங்க ருஷ்யாவுக்குப் போயிட்ட வீட்டுல எவ்வளவு வெறுமை இருக்குன்னு அளக்கறாங்களாம். … வெறுமைடா, வெறுமை. … கிலோவா மீட்டரா, எனக்கென்ன தெரியும்? வீட்டுக்கொரு வெள்ளைப் பெட்டியைச் சுவத்துல மாட்டிட்டுப் போனாங்க.

… கேமரா இல்லை. சூட்டை வச்சு ஆளை எண்ணுமாம். நம்ம வீட்டுல காகிதப்படி மூணு பேர்: நான், நிகோரா, உன் மக மவ்சூனா. பெட்டிப்படி நாலு. காலையில நாலு, மத்தியானம் நாலு, சாயங்காலம் நாலு.

… பேரையா? பேரே சொல்லலை! அதெல்லாம் ரகசியமாம், கையெழுத்து கூட வாங்கினாங்க. 'பதினேழாம் எண் வீடு'ன்னுதான் பள்ளிக்கூடத்துல ஊர் முன்னாடி படிச்சாங்க. அந்தப் பதினேழை நம்ம வாசக்கதவுல சிவப்புச் சாயத்துல முழ நீளத்துக்கு எழுதினதும் அவங்களேதான். … ஆமா, எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. முல்லா கூட. நிகோரா தலைத்துண்டை இழுத்து விட்டுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா, எழுந்து போகலை. நீயா இருந்தா ஓடியிருப்பே.

… இரு, இரு. ரெண்டுன்னு ஆரம்பிக்காதே! லொக்கு, லொக்கு… இருமல்டா. நீ அந்த வார்த்தையை எடுக்கும்போதெல்லாம் வரும்.

கேளு. நேத்து நான் கீழே டவுனுக்குப் போனேன். அந்தப் பல்கலைக்கழகத்துக்காரங்க வண்டி முன்னாடி மெத்தையைப் போட்டு, 'வீட்டுக்கு வந்து பாருங்க'ன்னு உட்கார்ந்துட்டேன். … ஆமா, என் மெத்தைதான், கழுதை மேல ஏத்திட்டுப் போனேன். அதனால மூணு பேரும் இப்ப நம்ம வீட்டுல. எதிர்லயே உட்கார்ந்து டீ குடிக்கறாங்க. … மன்னிப்பா? எங்கே! அந்த நாலாவது ஆளுக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்காங்க. அவனுக்குக் கோப்பே திறந்தாச்சு. யாரோடயும் பேச மாட்டானாம். அசைய மாட்டானாம். தலைமாட்டுல, வீட்டுக்காரன் உட்கார்ற இடத்துலயே உட்கார்ந்திருப்பானாம். கொஞ்சம் கொஞ்சமா சூடு குறைஞ்சுக்கிட்டே போவானாம். 'இது ஆழ்ந்த மனச்சோர்வு'ன்னு எழுதியிருக்காங்க.

… யாருன்னு நினைச்சாங்களா? உன்னைத்தான்! நீ வேலை போய், வெட்கத்துல, யாருக்கும் தெரியாம வீட்டுக்கு வந்து ஒளிஞ்சிருக்கியாம். … ருஷ்யாவுல, ட்யூமென்லதான் இருக்கான்னு சொன்னேனே. 'எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்றாங்க'ங்கறாங்க. … சரி, நீயே சொல்லு. டீச்சரம்மா, இந்தாங்க, என் மகன்…

… குடுங்க, குடுங்க. அலோ? நம்பலைடா. உன் பின்னாடி கேட்கற ருஷ்யக் கார் சத்தத்தைப் பக்கத்து அறையிலேர்ந்து கூடப் போடலாமாம். … திட்டாதே, அவங்க காதுல விழுது. இதைத்தான் ஏதோ வெளிநாட்டுக் கூட்டத்துல படிச்சப்போ, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களாம். 'ரகசியமாகத் திரும்பியவர்'னு நீதான் புஸ்தகத்துல மூணாவது அத்தியாயம்.

… ம்? என்ன தம்பி? … இரு இல்ஹோம், இன்ஜினியர் ஏதோ திரையைக் காட்டறான். … இப்ப வீட்டுல எத்தனை பேரா? நாங்க மூணு, நீங்க மூணு, ஆறு. … ஏழா? … இல்ஹோம், பெட்டி ஏழுங்குது. … நான் பயப்படலை, நீ ஏன் பயப்படறே? … எங்கே தம்பி அந்த ஏழாவது ஆள்? … உன் இடத்தைக் காட்டறான். … உன் இடத்துல ஒண்ணும் இல்லைடா. மெத்தை இருக்கு, திண்டு இருக்கு, திண்டு மேல டீ கெட்டில்…

கெட்டில்.

ஒரு நிமிஷம் பேசாம இரு. நிகோரா, கண்ணு, அந்தக் கெட்டிலை எடுத்து வெளியே வாசல்ல வையேன். … அங்கியோட சேர்த்துத்தான். … இல்ஹோம், மூச்சு விடாதே. தம்பி, பெட்டி என்ன சொல்லுது? … ஏழு… ஏழு… ஆறு! ஆறுங்கறான்டா! திரும்ப உள்ளே கொண்டா. … ஏழு! வெளியே! … ஆறு!

… என்ன அங்கியா? உன் அங்கிதான். பஞ்சு வச்சு, நீலக்கோடு போட்டு, உன் கல்யாணத்துக்குத் தைச்சது. கெட்டிலை அதுலதான் சுத்தி வைக்கறா, சூடு தங்க வேண்டாமா? எந்த வீட்டுலதான் சுத்தறதில்லை? … அதானே, நானும் அதைத்தான் கேட்கறேன். தம்பி, எல்லா வீட்டுலயும்தான் கெட்டிலை அங்கியில சுத்தறாங்க, எங்க வீட்டுல மட்டும் ஏன் ஆளா எண்ணுச்சு? … ம். … ம். … மத்தவங்க அதை மூலையில தரையில வச்சுடறாங்களாம். நம்ம வீட்டுல மட்டும் ஆள் உட்கார்ற இடத்துல, ஆள் நெஞ்சு உசரத்துக்கு இருக்காம்.

… ஏன் அங்கேயா? உன் மக பண்ற வேலை. திண்டை அடுக்கி, கெட்டிலை வச்சு, மேல உன் குல்லாவையும் கவுத்திடுவா. 'அப்பா உட்கார்ந்தாச்சு, சாப்பிடலாம்'பா. … நிகோராவா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை அந்தப் பக்கமா வச்சுட்டு, அப்புறம்தான் எங்களுக்குக் குடுப்பா. நாலு வருஷமா தினம் மூணு வேளை.

… அலோ? … அலோ, இல்ஹோம்? சிக்னல் போச்சா? … இருக்கியா. சரி. மூக்கைச் சிந்திட்டு வா.

என்னம்மா டீச்சரம்மா, ஏன் அழறீங்க? … இல்ஹோம், கெட்டிலைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்றாங்க. மூணாவது அத்தியாயம் அச்சுக்குப் போயிடுச்சாம். … அது முடியாதும்மா, என் மருமக மானத்தை உங்க அத்தியாயத்துக்கு அட்டையாப் போட முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை அதே பள்ளிக்கூடத்துல நின்னு, 'பதினேழாம் வீட்டு ஆள் டீ கெட்டில்'னு படிக்கணும். முன்வரிசைக்குக் கேட்கணும். … புரியுதா? நீங்க எதுக்கு 'புரியுது'ங்கறீங்க, நான் அவங்களைக் கேட்டேன். … கோப்பை மூடணுமா? மூடுங்க. … சம்பந்தப்பட்டவர் கையெழுத்தா? கெட்டில் எப்படிம்மா கையெழுத்துப் போடும்?

… சொல்லு இல்ஹோம். … அவகிட்ட குடுக்கணுமா? அதெல்லாம் அப்புறம். காலையில சொன்னியே ஒண்ணு, அதைத் திருப்பி எடு. ஒண்ணோட நின்னா வாயால சொல்லித் திரும்பச் சேர்த்துக்கலாம்னு முல்லாகிட்டயே கேட்டுட்டு வந்துட்டேன். ஸ்பீக்கர்ல போடறேன். டீச்சரம்மா, தம்பி, 'புரியுது' அம்மா, மூணு பேரும் சாட்சி. … கூட வேலை செய்யறவங்க பார்க்கறாங்களா? பார்க்கட்டும். தலாக் சொல்லும்போது அவங்க இல்லையா? … சத்தமா. … இன்னும் சத்தமா. … ம். சாட்சிங்க கேட்டாச்சு. அந்தத் தம்பி எழுதிக்கூட வச்சுட்டான், மணியோட.

சரி, இப்ப குடுக்கறேன். நிகோரா, இந்தாம்மா, உன் புருஷன். … வாங்கிக்கோ. … என்னடி, கையைக் கட்டிக்கிட்டு நிக்கறே? … இல்ஹோம், வாங்க மாட்டேங்கறா. … கோபமா தெரியலை. சாதாரணமாத்தான் இருக்கா, அதான் எனக்கே பயமா இருக்கு. … சொல்லும்மா, நான் அவன்கிட்ட சொல்றேன். … இல்ஹோம், அவ சொல்றதை அப்படியே சொல்றேன், என்னைக் கோவிச்சுக்காதே. 'போன்லயே கழட்டி, போன்லயே மாட்டறதுக்கு நான் என்ன சிம் கார்டா?'ன்னு கேட்கறா.

… சிரிக்காதே. … அழாதே, ரெண்டையும் சேர்த்துப் பண்ணாதே. … நேர்ல வந்து, பதினேழுன்னு எழுதின அந்தக் கதவுல நின்னு, ஊர் கேட்கச் சொல்லணுமாம். அதுவரைக்கும் போன்ல பேச மாட்டாளாம். … நான் எப்படிடா சமாதானம் பண்றது? எனக்கும் அவ சொல்றதுதான் சரின்னு படுது. … லீவு குடுக்க மாட்டானா? மேஸ்திரி காலைப் பிடி. ரயில்ல வர்றியோ, லாரியில வர்றியோ… ஆமா, ஆமா, கேட்டுச் சொல்றேன். நிகோரா, ரமலானுக்கு முன்னாடி வந்தா போதுமான்னு… ஏன்டி அந்தச் சிவப்புப் பொத்தான்கிட்ட கையைக் கொண்டு வர்றே? இரு, நான் இன்னும் பேசி மு—