சிதம்பரம் துணிக்கூரை கண்ட பொறியாளர் தேவசகாயம் அவர்களுக்கு

கம்பமும் கம்பிவடமும் கணக்கறிந்து கோத்த கைவண்ணமே! காற்றில் பறக்கும் துணியையும் கட்டளைக்குப் பணியவைத்த கலைவாணரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் கடலூர் அலுவலகத்தின் முதுகெலும்பாய் நிமிர்ந்து நின்ற எங்கள் உதவி செயற்பொறியாளர் ஐயா அவர்களே! 31.08.2012ஆம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

வாழ்த்துகிறோம் என்று எழுதிவிட்டோமே தவிர, ஐயா, மனம் விழாவில் இல்லை. காலையிலிருந்து அத்தனை பேர் கண்ணும் வாசலில்தான் இருக்கிறது. கூரை கிழிந்ததற்காகத் தங்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் ஆணை, அலுவலகம் முடியும் ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடுமோ என்று பயம். வந்துவிட்டால், போட்ட மாலையோடு பழியையும் சுமந்துதான் தாங்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.

2010இல் சிதம்பரம் திறந்தவெளி மேடைக்குக் கூரை கேட்டபோது, தகரமே போதும் என்றார்கள் எல்லோரும். "மழ பேஞ்சா தகரம் போடுற சத்தத்துல புள்ளைங்க பாட்டு எங்கய்யா கேக்கும்?" என்றீர்கள் தாங்கள். பழைய பனியன் துணியைப் பலகையில் ஆணியடித்து இழுத்து, இரு மூலை ஏற, இரு மூலை இறங்க, மாதிரி செய்து காட்டினீர்கள். சென்ற டிசம்பரில் தானே புயல் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட அன்றும் அந்தக் கூரையில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை!

அப்பேர்ப்பட்ட கூரை, இந்த ஜூலையில் ஒரு சாதாரண மாலை மழைக்குக் கிழிந்தது. மேடையில் பிள்ளைகள் நடன ஒத்திகையில் இருந்தார்கள். துணியில் தண்ணீர் தேங்கித் தொங்குவதைப் பார்த்ததும், "எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி அத்தனை பேரையும் இறக்கினீர்கள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் கிழிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. வடிவமைப்பில் பிழை என்று விசாரணை தொடங்கியது. தாங்களோ மறுக்காமல் பழைய கணக்கேட்டை எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

போன வாரம் நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்தபோது தங்கள் துணைவியார் பிரிசில்லா அம்மையார் சொன்னார்: "சோத்துத் தட்டத் தள்ளி வெச்சிட்டு கணக்கு போடுறாருப்பா. எங்கயோ தப்பு பண்ணிட்டேன், புள்ளைங்கள கொன்னிருப்பேனேன்னு அழுவுறாரு."

ஐயா, தங்கள் கணக்கில் தப்பே இல்லை. தப்பு செய்தவர்கள் நாங்கள்.

மழைக்கு மூன்று வாரம் முன்பு அதே மேடையில் நம் பணியாளர் சங்க ஆண்டு விழா நடந்ததே, தாங்கள் விடுப்பில் இருந்த அன்று? சிறப்பு விருந்தினராக வந்த சங்கத் தலைவரின் ஃபிளெக்ஸ் பேனரைக் கூரையின் தாழ்ந்த மேற்கு மூலை மறைத்தது. "தலைவர் மூஞ்சியே தெரியல, அந்த மூலைய கொஞ்சம் தூக்கி வுடுப்பா" என்றார் சங்கச் செயலாளர் வைத்திலிங்கம். இதை வாசித்துக்கொண்டிருக்கும் கொளஞ்சியப்பனாகிய நான்தான் ஸ்பேனர் எடுத்து, அந்த மூலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வடத்தின் முறுக்காணியை எட்டுச் சுற்றுத் தளர்த்தினேன். "வடத்தத் தொடாதீங்க, துணி தளர்ந்தா தண்ணி தேங்கும்" என்று தாங்கள் நூறு முறை சொன்னது காதில்தான் இருந்தது. முகம் தெரிந்தது, போட்டோ எடுத்தோம், பிரியாணி தின்றோம், வீட்டுக்குப் போய்விட்டோம். திரும்ப முறுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விசாரணையில் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. தினமும் தங்களுக்கு வணக்கம் மட்டும் தவறாமல் வைத்தோம். வெட்கமாக இருக்கிறது ஐயா.

தாங்களும் அம்மையாரும் உடல் நலிவின்றி, உள்ளத்தில் உறுத்தலின்றி, நெடுங்காலம் நிம்மதியாக வாழவேண்டும். அந்த நிம்மதியைப் பறித்தவர்கள் நாங்கள். எனவே அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
வடத்தைத் தளர்த்திய கொளஞ்சியப்பன், பணி ஆய்வாளர்
தளர்த்தச் சொன்ன வைத்திலிங்கம், சங்கச் செயலாளர்
பார்த்துக்கொண்டு நின்ற பணியாளர்கள் பதினொருவர்

நகல்: விசாரணை அலுவலர் அவர்களுக்கு. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புதல் பெறப்பட்டது.