பின் அடித்த மூன்றாம் பக்கம்

அக்கா: கதவ எதுக்குடா சாத்துற? வெளிய உக்காந்திருக்கறவங்களும் கேக்கட்டுமே!

தம்பி: அக்கா... ஆபீஸ்க்கா இது. மெதுவா...

அக்கா: போன வருஷம் இதே நாற்காலியில உக்கார வச்சு என்ன சொன்ன? "கம்பெனிக் கடன் பத்திரம்க்கா, பதினொரு சதவீதம், ஆறு வருஷத்துக்குக் கவலையே இல்ல"ன்னு சொன்னியா இல்லியா?

தம்பி: பதினொண்ணு பொய்யில்லியே. பத்திரத்துலயே அச்சடிச்சிருக்கு.

அக்கா: அச்சடிச்சது நூறுக்கு. நான் குடுத்தது எவ்வளவு?

தம்பி: ...நூத்துப் பன்னெண்டு.

அக்கா: சத்தமா!

தம்பி: நூத்துப் பன்னெண்டு! சந்தை விலைக்கா அது. அவ்வளவு வட்டி தர்ற பத்திரத்த நூறுக்கு எவன் விப்பான்?

அக்கா: அப்ப என் காசுக்கு நெசமா என்ன வட்டி?

தம்பி: அது எப்படிப் பாக்குறோங்கறதப் பொறுத்து... வருஷ வட்டிய மட்டும் போட்ட காசோட வச்சுப் பாத்தா, பத்துக்குக் கொஞ்சம் கம்மி.

அக்கா: பதினொண்ணு பத்தாச்சு. மேல சொல்லு.

தம்பி: ஆறு வருஷம் முடிஞ்சா நூறுதான் திரும்பி வரும். அந்தப் பன்னெண்டு நஷ்டத்தையும் சேத்துப் பாத்தா... எட்டரைக்குப் பக்கம்.

அக்கா: பேரம் பேசாமலே இறங்குறியே! இன்னும் ஒண்ணு இருக்கே, அத யாரு சொல்லுவா?

தம்பி: அது... கம்பெனி நடுவுலயே காசத் திருப்பிக் குடுத்துப் பத்திரத்த முடிச்சுட்டா. எப்பவாவது நடக்கறதுக்கா...

அக்கா: நேத்து வந்துடுச்சுடா கடுதாசி! ஒரு வருஷம் ஆச்சு, இந்தா உன் நூறுன்னு! நூறும் பதினொண்ணும் நூத்துப் பதினொண்ணு. நூத்துப் பன்னெண்டக் குடுத்து, வருஷம் பூரா காத்திருந்து, நூத்துப் பதினொண்ணு வாங்குறேன். இதுக்கு உங்க தொழில்ல என்ன பேரு வச்சிருக்கீங்க?

வெளியே காத்திருப்பவர்: சார்... அந்தக் கடைசிக் கணக்க எனக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டுறீங்களா?

தம்பி: ஒரு நிமிஷம் சார், உக்காருங்க! ...பாத்தியா? என் பொழப்புல மண்ண அள்ளிப் போடுற.

அக்கா: முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா நின்னு சேத்த காசுடா. அந்த வட்டியிலதான் வீட்டு வாடகை போகுது. இனி எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் ஆறுக்கு மேல எவன் தர்றான்?

தம்பி: வட்டி இப்படி இறங்கி, கம்பெனி பழைய கடன முன்னாடியே அடைச்சுடும்னு நான் என்ன கனவா கண்டேன்?

அக்கா: காதுல பூ சுத்தாத. மூணு பக்கக் காகிதம் குடுத்த. இந்தக் கடைசிக் கணக்கு இருந்த மூணாவது பக்கத்த ரெண்டாவதோட சேத்து, சுத்தியும் பின் அடிச்சது யாரு?

தம்பி: ...ஆபீஸ் பொண்ணு அடிச்சிருப்பா.

அக்கா: அவ மேல ஏன்டா பழியப் போடுற? சரி, எனக்கு முன்னாடி அந்தப் பத்திரம் யாருகிட்ட இருந்துச்சு?

தம்பி: யாரோ ஒரு ஆளு... அவசரத்துக்கு வித்தான்.

அக்கா: அந்த யாரோவுக்குப் பேரு இருக்குமே.

தம்பி: விடுக்கா.

அக்கா: பேரச் சொல்லுடா!

தம்பி: நான்தான்! போதுமா? என்னுதுதான். கம்பெனி சீக்கிரம் திருப்பிக் குடுத்துடும்னு தெரியும். கழுத்து வரைக்கும் கடன்க்கா... வேற யாரு தலையில கட்டுவேன்? நீதான் படிக்காம கையெழுத்துப் போடுவே.

அக்கா: படிக்காமயா? உள்ள வச்ச துணிய எண்ணாம ஒரு வயித்தக்கூடத் தைக்க விட்டதில்லடா நான். காகிதத்த வீட்டுக்குக் கொண்டுபோய், பின்னெல்லாம் பிரிச்சுப் படிச்சேன். திரும்ப அதே ஓட்டையில மாட்டிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உன் பொண்டாட்டி முந்தின நாளே வந்து உன் கடனச் சொல்லி அழுதுட்டுப் போயிருந்தா. "அக்கா, கஷ்டமா இருக்கு, காசு குடு"ன்னு நீயா வந்து கேப்பேன்னு ஒரு வருஷமா வாசலப் பாத்துட்டு இருந்தேன்... கேக்கவே இல்லியேடா.