ஏழாம் கட்டிலின் மணி

சாப்பிட்ட கையோடு கீபோர்டைத் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, சார். என் தங்கை வீட்டுக்காரர் அப்படித்தான். எண்ணெய் விரலால் தட்டுவார், நடுவில் அதே விரலை நக்கிக்கொள்வார். அவர் எழுதும் புரோகிராமும் அதே லட்சணம்தான்.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்காவது மூச்சுத் திணறினால், கட்டிலருகே உள்ள கருவி சர்வருக்குச் சொல்லும். சர்வர் நர்ஸ் மேசையில் மணியடிக்கும். அந்தப் புரோகிராம் மாப்பிள்ளையுடையது. சர்வர் என் பொறுப்பு.

கொஞ்ச நாளாக சர்வர் இழுத்துக்கொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சாக்கெட், அதாவது ஒரு இணைப்பு, திறக்கும். வேலை முடிந்ததும் மூடவேண்டும். இவர் மூடவில்லை. செத்த இணைப்புகள் ஈ மொய்த்தது போல் அப்பிக் கிடந்தன. ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகள்தான் என்று ஒரு வரம்பு உண்டு, அது நிரம்பினால் அடுத்த மணி அடிக்காது.

சொன்னேன். "அதான் நீங்க இருக்கீங்களே மச்சான், கிளீன் பண்ணிடுங்க" என்று சிரித்தார். காலையில் தின்றது பல்லிடுக்கிலேயே இருந்தது.

தினமும் நான்தான் அந்தக் குப்பையை அள்ளினேன். பதவி உயர்வு அவருக்கு வந்தது. "அவர் கை பட்டாலே எல்லாம் ஓடுதாம்ணா" என்று தங்கை போனில் பூரித்துப்போனாள். மறுநாள் முதல் அள்ளுவதை நிறுத்தினேன். வரம்பையும் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

நிரம்பியது ஒரு மதியம். ஏழாம் கட்டிலின் கருவி விடாமல் கேட்பதும் சர்வர் மறுப்பதும் என் திரையில் தெரிந்தன. ஒரு வரிக் கட்டளை தட்டியிருந்தால் மணி அடித்திருக்கும். நான் எழுந்து கை கழுவப் போனேன். வந்து பார்த்தால், கருவி கேட்பதை நிறுத்தியிருந்தது.

அங்கே படுத்திருந்தது ஒரு டீச்சர். வெளியே அவருடைய மகள், "மணி எதுவும் அடிக்கலையே, அம்மா தூங்குறாங்கன்னுதான் நெனச்சேன்" என்று நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒழுகிய மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். எனக்குக் குமட்டியது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளையை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள். தங்கை என்னிடம்தான் வந்து அழுதாள். ஆறுதல் சொன்னேன்.

வரம்பைக் குறைத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். யாராவது சாவார்கள் என்று தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அன்று முழுவதும் என் சர்வர் ஒரு நொடிகூடப் படுக்கவில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.