சூரியன் மேல் போட்ட பழி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொட்டாவி அதிகம், ஐயா. ஜெபத்தில் வரும், கல்யாண வீட்டில் வரும். தூத்துக்குடியில் கப்பல்களோடு பேசும் வயர்லெஸ் அறையில் எனக்கு வேலை. ஒருநாள் மைக்கை அணைக்காமல் விட்டுவிட்டேன். உப்புக் கப்பலில் வயர்லெஸ் பார்த்த ஹென்றி பிடித்துக்கொண்டான்.

"ஏலே கொட்டாவி, வாய்க்குள்ள ஈ போயிராம பாத்துக்கோ."

கடலில் இருந்த அத்தனை கப்பலும் சிரித்தது. பிறகு டீக்கடையிலும் நான் கொட்டாவிதான். பெண் பார்க்கப் போன வீட்டில், எனக்கு முன்னாலேயே அந்தப் பேர் போய் உட்கார்ந்திருந்தது. அருமைநாயகம் என்பது ரேஷன் கார்டில் மட்டும் மிச்சம்.

எழுபத்திரண்டு ஆகஸ்டில் சூரியனில் பெரிய பிழம்பு எழுந்து வயர்லெஸ் செத்துப்போனது. 'சூரியப் பிழம்பு, சத்தமில்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. சூரியனுக்கு மெமோ கொடுக்க முடியாதல்லவா. அன்றிலிருந்து நான் அயர்ந்த நாளெல்லாம் அதே வரிதான்.

இந்த எழுபத்தாறு ஆடியில், காலை பத்து மணி, நல்ல காற்று.

"கொட்டாவி, தண்ணி ஏறுதுல. ஒம்பது பேரு இருக்கோம். காப்பாத்த லாஞ்சு அனுப்பச் சொல்லு."

ஹென்றியின் குரல், தெளிவாகக் கேட்டது. ரிஜிஸ்டரை எடுத்து அந்த வரியை எழுதினேன்.

ஒருவரும் கரைக்கு வரவில்லை. சூரியனால் செய்தி கிடைக்கவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு நாசரேத்திலிருந்து ஞானதீபம் டீச்சர் பஸ் ஏறி வந்தார்கள். இருபது வருடமாகத் தொலைநோக்கி வழியாகச் சூரியனை வெள்ளைத்தாளில் விழவைத்து, அதன் கரும்பொட்டுகளை வரைகிறவர்கள். விசாரணையில் உங்கள் முன்னால்தானே என்னிடம் நோட்டை விரித்தார்கள்.

"இங்கன பாருங்க தம்பி. பொட்டு கூடுனா பிழம்பும் கூடும். பதினோரு வருசத்துக்கு ஒருக்கா ஏறி எறங்கும். முந்நூறு வருசத்துக்கு முந்தி, எழுவது வருசம் பொட்டே இல்லாத மாதிரி கெடந்துருக்கு. இப்ப எறக்கம். அன்னைக்குக் கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துது. அது மேலயா பழியப் போடுதிய?"

நான் கொலைகாரன் இல்லை, ஐயா. மைக்கின் மேல் கையை வைத்துக்கொண்டேதான் இருந்தேன். என் பேரைச் சொன்னால் உடனே லாஞ்சுக்குச் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு. நாற்பது நிமிடம் கொட்டாவி என்றே கூப்பிட்டான். பிறகு, "அருமைநாயகம் அண்ணே" என்றான்.

எவ்வளவு மரியாதையாகச் சொன்னான்.

இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன்தான் சொல்லவில்லை.