நல்ல கையில் பட்டை

ராணியம்மாள்: ...அதான் நானும் கேக்கறேன். உன் பொண்ணு கவிநிலாவுக்கு வராத கை எடது. பட்டையை வலது கையில மாட்டி அனுப்பறாங்க. அந்த பிசியோதெரபி அம்மாவுக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?

மணிமொழி: எத்தினி வாட்டிக்கா சொல்றது? நல்ல கையைக் கட்டிப்போட்டாத்தான் வராத கை வேலை செய்யுமாம். பொறக்கும்போதே தோள்ல நரம்பு இழுத்துக்கிச்சில்ல...

ராணியம்மாள்: தெரியும், தெரியும். தெருவுக்கே நான்தானே சொன்னேன்.

மணிமொழி: அது வேறயா...

ராணியம்மாள்: கேக்கறாங்க, சொல்லணுமில்ல! சரி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?

மணிமொழி: பௌர்ணமி கிரிவலக் கூட்டம்க்கா. பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். தூங்கற புள்ளையைத் தோள்ல போட்டுக்கினு அங்கேர்ந்து நடை.

ராணியம்மாள்: அய்யோ... மொதல்ல தண்ணி குடி. குடிச்சியா? ம்... ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க?

மணிமொழி: பிஸ்கட் நீட்டினாங்க. எடது கை அசையவே இல்ல. மூணு வாரமா தெனம் ஆறு மணி நேரம் பட்டை போட்டுமா இப்படின்னு கேட்டாங்க.

ராணியம்மாள்: நீ... இன்னா சொன்ன?

மணிமொழி: போடறோம் மேடம்னேன். பட்டையைத் திருப்பிப் பாத்தாங்க. உள்ள இருக்கற பஞ்சு புதுசாவே இருக்குதேம்மான்னாங்க.

ராணியம்மாள்: நான் சுத்தக்காரிடி. தெனம் தொவைச்சு...

மணிமொழி: அதைத் தொவைக்கக் கூடாதுக்கா.

ராணியம்மாள்: சரி, அத விடு. அப்புறம் இன்னா சொன்னாங்க?

மணிமொழி: இன்னும் ஒரு மாசம் பாப்பாங்களாம். அப்பவும் கை வரலன்னா ஆபரேஷன். மூணு வயசுக்கா அதுக்கு... நான் லாட்ஜ் வேலைக்குப் போனா மூணு மணி நேரம் உங்ககிட்டதான் பட்டையோட விட்டுட்டுப் போறேன். உண்மையைச் சொல்லுங்க.

ராணியம்மாள்: தட்டுல சோறு போட்டா, கட்டின கையையே பாத்துக்கினு உக்காந்திருக்குதுடி. "பெரிம்மா, என் கையைக் குடு"ன்னு கேக்குது... நீ தெருமுனை திரும்பினதும் கழட்டிடுவேன். உன் செருப்பு சத்தம் கேட்டா மாட்டிடுவேன்.

மணிமொழி: தெனமுமா?

ராணியம்மாள்: தெனமும்தான். திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. சாயந்திரம் நீ மூணு மணி நேரம் போடறியே, கொஞ்சம் கம்மியானா இன்னான்னு நெனச்சுட்டேன்.

மணிமொழி: பகல்ல நீங்க விடாம போட்டு வெச்சிருப்பீங்கன்னு நம்பி... வீட்டுக்குள்ள போனதும் நானும் கழட்டிடறேன்க்கா.