கேட்ட விலை

வெங்காயம் வாங்கினாலும் சரி, வீடு வாங்கினாலும் சரி, பிடித்த பொருளை முதலில் பார்க்கக்கூடாது. பக்கத்தில் இருப்பதைக் கையில் எடுத்து, அதன் குறையைச் சொல்லித் திரும்ப வைத்துவிட்டு, போகிற போக்கில் இது என்ன விலை என்று கேட்க வேண்டும். என்னை விசாரிக்கும் அதிகாரி அம்மா, நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னார். முதல் என்றால் இதுதான் முதல். மொழிபெயர்க்கும் தங்கச்சி எதையும் விடாமல் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் சந்திரகுமார். வயது ஐம்பத்து மூன்று. சுவிஸுக்கு வந்து ஓல்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபத்திரண்டு வருட வேலை. ஒருநாளும் பிந்திப் போனதில்லை. எங்கள் சனத்துக்குள் என்னைக் குறைச்சல் குமார் என்பார்கள். நக்கல்தான், ஆனால் கார் வாங்கவோ, பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுக்கவோ, தாலிக்கொடிக்குச் செய்கூலி பேசவோ என்றால் பாசலில் இருந்துகூட வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இதற்காக யாரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. சுவிஸ்காரர் விலை குறைக்க மாட்டார்கள் என்பது வெறும் கதை. விலை பேச அவர்களுக்கு வெட்கம், அவ்வளவுதான். அந்த வெட்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் குறைத்துவிடுவார்கள்.

கெடுப்பது கூட வருகிறவர்களின் முகம். என் மனைவி பவதாரணி கலியாணம் முடித்து இங்கே வந்த புதிதில் எதைக் கண்டாலும் ஐயோ வடிவாயிருக்கு என்பாள். முதன்முதலாக சோபா வாங்கப் போன இடத்திலும் அப்படிச் சொன்னாள். கடைக்காரன் அதன்பிறகு ஒரு பிராங்கும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவளுடைய இடக்கைச் சின்ன விரல் அன்றிலிருந்து முழுதாக நிமிராது. வேலைக்கு அது இடைஞ்சலாக இருந்ததில்லை. அந்தக் கையோடுதான் பத்தொன்பது வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கினாள்.

பிறகு நன்றாகப் பழகிவிட்டாள். நான் கைமணிக்கூட்டைத் தொட்டால் நிலத்தைப் பார்ப்பாள். நான் இருமினால் தலையிடிக்குது, போவம் என்பாள். எங்கள் ஒரே மகள் யதுஷா குழந்தையாக இருந்தபோதே கடையில் எந்தப் பொம்மையையும் கைநீட்டிக் காட்ட மாட்டாள். என்ன அடக்கமான பிள்ளை என்று சனம் மெச்சும். பிள்ளை வளர்ப்பில் எனக்கு யாரும் குறை சொன்னதில்லை.

போன வருடம் மாரி காலத்தில், லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்ற பவதாரணி ஒரு கதை சொன்னாள். அவளோடு வேலை செய்யும் சுவிஸ்காரி ஒருத்தி கரவன் வாங்கியிருக்கிறாளாம். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. உதுகளுக்கு விசர் பிடிச்சிருக்கு என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த கிழமையும் அந்தக் கதை வந்தது. இவ்வளவு சின்னக் கட்டிலில் யார் படுப்பது, யாருக்கு வேண்டும் இந்தச் சிறை என்றாள். அவள் பழிக்கப் பழிக்க எனக்கு அதில் மனம் போனது. விடுமுறைக்கு ஹோட்டலுக்குக் கொட்டுகிற பணத்தை நினைத்துப் பார்த்தேன். வாங்குவோம் என்று சொன்னது நான்தான். அவள் வேண்டாம் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள்.

வண்டியை அவள் பெயரில் பதியச் சொன்னதும் நான்தான். அவள் ஒருநாளும் காரை இடித்ததில்லை, அதனால் அவள் பெயரில் காப்புறுதி மலிவு. பணத்தை அவள் கணக்குக்கு மாற்றியதும் அதற்காகத்தான். இப்படிப்பட்ட சின்னச் சின்ன மிச்சங்களை யாரும் கவனிப்பதில்லை.

மார்ச் கடைசியில் மூன்று பேருமாகக் கரவன் கடைக்குப் போனோம். மார்ச் கடைசி என்றால் பழைய வருட வண்டிகளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விற்கிறவர் பெயர் லூத்தி. அறுபது வயதிருக்கும், மரியாதையான மனிதர். நான் முதலில் வேறு இரண்டு வண்டிகளைப் பார்த்தேன். பிறகு நாங்கள் நினைத்து வந்த வெள்ளை வண்டிக்குள் ஏறி, கதவோரத்துக் கீறலையும் குளிர்பெட்டிக் கதவின் சத்தத்தையும் காட்டினேன். அவர் எழுதி வைத்திருந்த விலை இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம். ஒரு மணி நேரத்தில் இரண்டாயிரத்து இருநூறு இறங்கினார். முன்னால் கட்டும் கூடாரத்தையும் இனாமாகத் தருவதாகச் சொன்னார். நான் இன்னும் எழுநூறு கேட்டேன்.

அவர் என்னிடம் மறுமொழி சொல்லாமல் பவதாரணியைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்திருக்கிறதா அம்மா என்று கேட்டார். நான் மணிக்கூட்டைத் தொட்டேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி, கட்டில் சின்னது என்று ஜெர்மனில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்து நாலு வருடம் பழக்கியது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

கடைசியில் செய்ய வேண்டியது, எழும்பிப் போவது. திரும்பிப் பார்க்கக்கூடாது. மூன்று நாளைக்குள் அவர்களாகவே கூப்பிடுவார்கள், நாங்களாகக் கூப்பிட்டால் தோற்றோம். நான் எழும்பிப் போய்க் காருக்குள் இருந்தேன். தாயும் மகளும் வரக் கொஞ்சம் சுணங்கியது. கழிவறைக்குப் போனோம் என்றாள் பவதாரணி. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மூன்று நாளும் தொலைபேசியை மேசையிலேயே வைத்திருந்தேன். லூத்தி கூப்பிடவில்லை. நாலாம் நாள் காலை வீட்டில் ஒருவரும் இல்லை. வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவன் போலக் கடைக்குப் போனேன்.

லூத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். வெள்ளை வண்டி நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் காரில் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் கையெழுத்து வைத்துவிட்டாளாம். குறைத்த விலை வேண்டாம், எழுதியிருக்கிற விலையையே போடுங்கள், அதற்குப் பதிலாக மூன்று நாளில் கொண்டுவந்து நிறுத்தித் தாருங்கள் என்றாளாம். நொஷாட்டல் ஏரிக்கரையில் வருடம் முழுவதும் தங்கக்கூடிய இடமொன்றை ஜனவரியிலேயே எடுத்து வைத்திருந்திருக்கிறாள். லூத்தி இதையெல்லாம் எனக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

நான் சிரித்துக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னேன். ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. அவள் போனதற்கு அல்ல, போகிறவர்கள் திரும்பி வருவார்கள். ஒரு மணி நேரம் நான் வாய் நோகப் பேசி இறக்கிய விலையை அவள் ஒரே சொல்லில் ஏற்றிவிட்டாள். குறைச்சல் குமாரின் பெண்சாதி கேட்ட விலைக்கு வாங்கினாள் என்று நாளைக்கு ஊர் சிரிக்கும்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் ஆத்திரத்தில் போகவில்லை. நொஷாட்டல் போய்ச் சேருமட்டும் ஓரிடத்திலும் வேகம் கூட்டவில்லை, வழியில் உள்ள கமராக்களில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

காலை பத்தரை மணி. மழை பெய்து நிலம் ஊறியிருந்தது. பவதாரணி வண்டியின் மூலையில் குந்தியிருந்து, வண்டிக் கால்களை இறக்கிச் சமப்படுத்துகிற நீளமான இரும்புத் திருகுகோலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். ஓடவில்லை.

“எவ்வளவு குடுத்தனீ?” என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அவள் வாயால் வரட்டும் என்று.

“கேட்ட விலையைக் குடுத்தன்.”

“ஏன்?”

“எனக்கு விருப்பமாயிருந்தது. நீங்கள் காருக்குப் போனாப் பிறகு அந்தாளிட்டை அப்பிடியே சொன்னன், எனக்கு இது நல்ல விருப்பம் எண்டு.” பிறகு சொன்னாள்: “இனி நான் ஒண்டுக்கும் விலை பேச மாட்டன். நீங்கள் போங்கோ.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பயந்த சிரிப்பு இல்லை, பல் தெரியச் சிரித்தாள். லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்ற அந்த மாரி காலம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. விருப்பத்தை மறைத்து, குறை சொல்லி, என் வாயாலேயே வாங்குவோம் என்று சொல்ல வைத்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த வித்தையை என்னிடமே காட்டியிருக்கிறாள்.

திருகுகோலை அவள் கையிலிருந்து வாங்கினேன். பறித்தேன் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. முதல் அடி அந்த இடக்கையில் பட்டது. அதை நான் அடி என்று சொல்ல மாட்டேன், ஞாபகப்படுத்தல். அவள் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தப் பார்த்தாள். புதுக் கதவு, பூட்டு இறுக்கம், உடனே விழவில்லை. மற்றதெல்லாம் உள்ளே நடந்தது. இடம் சிறியது, கையை முழுதாக ஓங்க முடியாது, அதனால்தான் நேரம் எடுத்தது. கொஞ்சத்தில் அவளுடைய முகம் ஒன்றையும் காட்டவில்லை. அப்பொழுதும் நான் நிறுத்தவில்லை, அதை நான் மறைக்கவில்லை. மெத்தைகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றாமல் இருந்தபடியால் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. விற்றால் பெரிதாக விலை குறையாது.

நான் வெளியே வந்து படியில் இருந்தபோது யதுஷா பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மா ஏமாந்து போனா பிள்ளை, கூடக் குடுத்திட்டா என்று சொன்னேன். அவள் என்னையும் என் கைகளையும் பார்த்தாள். பாணைப் புல்லில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்த் தொலைபேசியில் பிரெஞ்சில் கதைத்தாள். எனக்கு அந்தப் பாஷை விளங்காது. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நன்றாகப் பழகிய பிள்ளை.

இது நடந்து ஏழு மாதம். யதுஷா ஒருமுறையும் என்னைப் பார்க்கச் சிறைக்கு வரவில்லை. இனியும் வரமாட்டேன், எனக்குத் தகப்பன் இல்லை என்று சட்டத்தரணி மூலம் எழுதி அனுப்பியிருக்கிறாள். அது அவள் எழும்பிப் போகிற விதம். நான் கடிதம் போடவில்லை. அவளாகவே கூப்பிடுவாள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியரின் அறிக்கையில் பத்தொன்பது அடி என்று இருக்கிறது. எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்பது. நீங்கள் உங்கள் பக்கம் கொஞ்சம் இறங்கினால் நானும் ஏறுகிறேன். பதினான்கு என்று எழுதுங்கள், இப்பொழுதே கையெழுத்து வைக்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை.